இருக்கேன் மிஸ்

மஹரகம,
1995 மார்ச் 4

உபேக்ஷாவுக்கு,

அக்கா என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வேறு தாள் எடுக்கவில்லை.

நேற்று எனக்குக் கடிதம் வந்தது. மருத்துவ பீடத்துக்கு என்னைத் தெரிவு செய்தது ரத்தாம். மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பள்ளியில் படித்தோமோ அந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளிதான் நமக்கு. நான் மொனராகலையில் படித்ததாகக் காட்டியது பொய் என்று விசாரணையில் தெரிந்துவிட்டதாம். இனி நான் கொழும்புப் பிள்ளை. கொழும்புக்கு வெட்டுப்புள்ளி 271. நான் எடுத்தது 251. கதை முடிந்தது. மேல்முறையீடும் கிடையாதாம்.

அம்மா கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா நேரே பல்கலைக்கழகத் தெரிவு அலுவலகத்துக்குப் போய், முறைப்பாடு கொடுத்தது யார் என்று கேட்டிருக்கிறார். எழுத்தர் கோப்பைத் திருப்பிக் காட்டினாராம். அப்பா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"நம்ம அண்ணன் மக," என்றார். "பேரு, ஊரு, கையெழுத்து எல்லாம் போட்டிருக்கா. ஒரு மொட்டைக் கடுதாசியா போட்டிருந்தாலாவது வேற யாரையாவது திட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்."

நீ எடுத்தது 229. மொனராகலைக்கு வெட்டுப்புள்ளி 230. என்னைத் தள்ளிவிட்டால் அடுத்து நிற்பது யார்? இதற்குப் பெரிய மூளை தேவையில்லை. நான் மொனராகலையில் உங்கள் கும்புக்வெவவுக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸடிக்கு ஓடி வந்து, "நங்கி, பையைக் குடு, பாரமா இருக்கும்" என்று தங்கச்சியைக் கொஞ்சுவாயே, அந்தக் கையாலா எழுதினாய்? என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் பாற்சோறு தின்றவள், என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாள்.

போ. நன்றாகப் படித்து டாக்டராகு. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

தருஷி


கும்புக்வெவ,
1995 மார்ச் 15

நங்கி,

நான் எதையும் அடிக்கவில்லை. நீ என் சித்தப்பா மகள். முறைப்பாடு கொடுத்ததால் அது மாறப்போவதில்லை.

ஆமாம், நான்தான் எழுதினேன். உண்மையை எழுதும்போது பெயரை எதற்கு மறைக்க வேண்டும்?

நீ எங்கள் வகுப்புக்கு வந்தது தவணைப் பரீட்சைகளுக்கு மட்டும். கொழும்புச் சவர்க்கார வாசனையோடு வந்து, எழுதிவிட்டு, மறுநாளே பஸ் ஏறிவிடுவாய். மற்ற நாட்களில் நீ எங்கே இருந்தாய் என்று நினைக்கிறாய்? என் வாயில் இருந்தாய்.

நம் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். வகுப்பு வரவு இடாப்பில் என் பெயருக்குக் கீழே உன் பெயர். முதல் நாள் விமலா மிஸ் உன் பெயரைக் கூப்பிட்டபோது வகுப்பு பேசாமல் இருந்தது. மிஸ் தலையை நிமிர்த்தவே இல்லை.

"உபேக்ஷா, உங்க வீட்டுப் பிள்ளதானே? நீயே சொல்லிடு," என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "உன் சித்தப்பா கேட்டிருக்கான். தம்பிக்கு இதுகூடச் செய்யலன்னா நான் என்ன அண்ணன்? வாயால ஒரு சொல்லு சொல்றதுதானே" என்றார். அன்றிலிருந்து மூன்று வருடம், தினமும், என் குரலில் எனக்கு ஒரு 'இருக்கேன் மிஸ்', மூக்கால் மெலிசாக உனக்கு ஒரு 'இருக்கேன் மிஸ்'. ஆரம்பத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களுக்கும் பழகிவிட்டது.

இதற்குப் பதிலாக என்ன பேசினார்கள் என்பது உனக்கு மறந்திருக்காது. எங்கள் பள்ளியில் வேதியியலுக்கு ஆசிரியரே கிடையாது. நுகேகொடையில் நீ எழுதுகிற டியூஷன் குறிப்புகளை மாதா மாதம் பிரதி எடுத்து, வெல்லவாய பஸ்ஸில் கொடுத்து அனுப்புவதாகச் சித்தப்பா சொன்னார். அனுப்பினீர்கள். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது நிறுத்திவிட்டீர்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸடிக்குப் போவேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கையை விரிப்பார். "ஒண்ணும் இல்ல பிள்ள, வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ." எனக்குக் குறைந்தது ஒரு புள்ளி. எந்தப் பாடத்தில் குறைந்திருக்கும் என்று நீயே சொல்.

அதற்காகக்கூட எழுதவில்லை. தெரிவுப் பட்டியல் வந்ததும் சந்தியில் பதாகை கட்டினார்கள். 'கும்புக்வெவ பெற்றெடுத்த முதல் வைத்தியர்' என்று உன் பெயர், மஞ்சள் துணியில். ஏணியில் ஏறிக் கயிறு கட்டியது என் அப்பா. கீழே நின்றவர்கள், "உங்க மக தருஷியா? நல்லா வரட்டும்" என்றார்கள். அப்பா கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் காலை எழுதினேன். இந்த ஊர் ஒரு வைத்தியரைப் பெற்றெடுத்தால் அவள் இந்த ஊரில் இருந்திருக்க வேண்டும்.

உபேக்ஷா அக்கா


மஹரகம,
1995 மார்ச் 24

உபேக்ஷா,

மூன்று வருடம் என்னை வாயில் வைத்துச் சுமந்தாயாம். பாவம், வாய் வலித்திருக்கும்.

நான் எங்கே இருந்தேன் என்று ஒருநாளாவது கேட்டாயா? இங்கே எனக்கும் ஒரு பள்ளி இருந்தது. வலைப்பந்து அணியில் இருந்தேன். அடுத்த வருடம் மாணவத் தலைவி என்று சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் உங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே என்னை அங்கிருந்து பிடுங்கி உங்கள் இடாப்பில் நட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அப்புறம் மூன்று வருடம் தகரக் கூரை போட்ட டியூஷன் கொட்டகையில், அறுநூறு பேருக்கு நடுவில், ஒலிபெருக்கியில் பாடம். பக்கத்தில் இருப்பவள் பெயர் தெரியாது. போன மாதம் என் பழைய பள்ளியில் பிரியாவிடை நடந்தது. வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். காவலாளி, "யாரும்மா நீங்க?" என்று கேட்டான். எனக்கு ஒரு வகுப்புப் படம்கூட இல்லை. உனக்கு இருக்கிறதே, அதில் எனக்கும் சேர்த்துச் சிரித்தாயா?

குறிப்புகளைப் பற்றி: அதை நிறுத்தியது அம்மா. "அவளும் அதே மாவட்டம், அதே இடத்துக்குத்தான் வர்றா. நீயே எதுக்கு அவளுக்கு ஊட்டி விடுற?" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் எதிர்த்துப் பேசினேனா என்று கேட்பாய். இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. படிப்பில் போட்டி போடலாம், தப்பில்லை. முதுகில் குத்துவதுதான் தப்பு.

பதாகை விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பொய் சொன்னது நான் இல்லை. நான் ஒருநாள்கூட 'இருக்கேன்' என்று சொல்லவில்லை. தினமும் சொன்னவள் நீ, அதை உன் கையாலேயே எழுதி எனக்கு அனுப்பியும் இருக்கிறாய். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தருஷி


கும்புக்வெவ,
1995 ஏப்ரல் 20

நங்கி,

கடிதத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறாயா? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வை.

எனக்குத் தெரிவுக் கடிதம் வந்துவிட்டது. பேராதனை மருத்துவ பீடம். நீ காலி செய்த இடத்துக்குத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள், அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. தபால்காரர் சைக்கிளை வயல் வரம்பில் போட்டுவிட்டு ஓடி வந்தார். அம்மா அழுதாள். சந்தியில் அதே மஞ்சள் துணியை இறக்கி, உன் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைச் சாயம் பூசி என் பெயரை எழுதினார்கள். வெயில் அடித்தால் அடியில் உன் பெயர் தெரிகிறது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் வருடப் பிறப்புக்கு நீங்கள் வரவில்லை. குறித்த சுப நேரத்தில் அடுப்பு மூட்டி, பாற்சோறு வைத்து, பணியாரம் சுட்டு, எல்லாம் முடிந்தது. தம்பி வந்து வெற்றிலை கொடுத்துக் காலில் விழுவான் என்று அப்பா புதுச் சாரம் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேர பஸ்ஸும் போன பிறகு, "வழியில ஏதாவது ஆகியிருக்கும்" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கும் தெரியும். அப்புறம் சாரத்தை மாற்றிக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

என்மேல் கோபம் இருந்தால் என்மேல் இருக்கட்டும். அண்ணனுக்கு ஒரு வெற்றிலை கொடுக்கக்கூடச் சித்தப்பாவுக்கு வழி தெரியாமல் போய்விட்டதா? உங்களுக்கு எங்கள் வீடு தேவைப்பட்டது விலாசத்துக்கு மட்டும்தான். இப்போது விலாசம் வேண்டாம், அண்ணனும் வேண்டாம்.

அடுத்த மாதம் பதிவு. வெள்ளைக் கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

உபேக்ஷா அக்கா


மஹரகம,
1995 மே 3

உபேக்ஷா,

உன் மார்ச் மாதக் கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலில். பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் போட்டுத்தான்.

உன்னிடம் கற்றுக்கொண்டது.

தருஷி


கும்புக்வெவ,
1995 ஜூன் 10

தருஷி,

கொழும்புக்கு வரச் சொன்னார்கள். அப்பாவும் வந்தார். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் என் கடிதம். நான் உனக்கு எழுதியது, எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து. 'நங்கி' என்று ஆரம்பிக்கும் அந்த எழுத்தை ஒரு புது மனிதரின் கைக்குக் கீழே பார்த்தபோது, உடுப்பில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

"இது உங்க எழுத்தா, மகள்?"

"ஆமா சேர்."

"மூணு வருஷமும் அந்தப் பிள்ளைக்கு நீங்கதான் 'இருக்கேன்' சொன்னீங்களா?"

"ஆமா சேர்."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்க. அப்பா சொல்லச் சொன்னார், மிஸ் சொல்லச் சொன்னாங்கன்னு இதுல எழுதியிருக்கு. அதையே வாக்குமூலமாக் குடுங்க. பெரியவங்க சொன்னதைச் சின்னப் பிள்ள செஞ்சிட்டான்னு உங்களை விட்டுடலாம். மற்றதை நாங்க பார்த்துக்கிறோம்."

மற்றது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. விமலா மிஸ்ஸுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு வருடம்தான். அப்பாமேல் வழக்குப் போடுவார்கள். கதவு இடுக்கில் அப்பாவின் கால் தெரிந்தது. அறுந்த செருப்பு வாரில் ஊசி குத்தியிருந்தார்.

"அது நங்கிகிட்ட சாக்குச் சொல்ல எழுதினது சேர்," என்றேன். "யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நானாத்தான் சேர்."

"அப்ப இந்தப் பொய்யில நீங்களும் கூட்டு."

"நான்தானே சேர் முறைப்பாடும் குடுத்தேன்?"

"புள்ளி வந்த பிறகு குடுத்தீங்க. மூணு வருஷம் தினமும் வாய் இருந்துச்சே, அப்ப ஏன் குடுக்கல?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

தெரிவு ரத்து. இந்த வருடம் எந்தப் பீடத்துக்கும் கிடையாது. மறுபடி பரீட்சை எழுதலாம் என்று மட்டும் விட்டார்கள். வரும் வழியில் அப்பா, "என்ன சொன்னாங்க, கோட்டு எப்ப போடணுமாம்?" என்று கேட்டார். மொனராகலை தாண்டும்வரை அவருக்குச் சொல்லவில்லை.

சந்தோஷமா? வயிறு குளிர்ந்ததா? எனக்கு இனி எழுதாதே.

உபேக்ஷா


மஹரகம,
1995 ஜூன் 22

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் பேச்சைக் கேட்டு நான் எதைச் செய்திருக்கிறேன்?

உனக்குப் பைத்தியமா? அவர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார், நீ அதை இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கிறாய். அந்தக் கடிதத்தை அனுப்பும்போது சிவப்பு மையால் கோடு போட்டேன், பார்த்தாயா? எங்கே போட்டிருக்கிறது என்று பார்த்தாயா? பெரியப்பா சொன்ன வரிக்குக் கீழே. விமலா மிஸ் சொன்ன வரிக்குக் கீழே. உன் வரிக்குக் கீழே போடவில்லை. பெரியப்பாவைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார்கள், என் அப்பா தலைகுனிந்த மாதிரி அவரும் ஒருநாள் குனியட்டும் என்றுதான் நினைத்தேன். உன் இடம் போகும் என்று நினைக்கவில்லை.

இல்லை. பொய். போகலாம் என்றும் நினைத்தேன். தபால் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வெள்ளைக் கோட்டு ஞாபகம் வந்தது, போட்டுவிட்டேன்.

அந்த இடம் இப்போது யாருக்குப் போனது தெரியுமா? அப்பா விசாரித்தார். பிபிலைப் பக்கம் ஒரு பெண். 228. அவளுக்கு நம் இருவரையும் தெரியாது. நாம் இரண்டு பேரும் முடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

நான் மறுபடி பரீட்சை எழுதுகிறேன், கொழும்பிலிருந்து. இந்தத் தடவை தோற்றாலும் நான் இருக்கிற ஊரில் தோற்பேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஒரு பார்சல் வரும். அந்த ஆறு மாத வேதியியல் குறிப்புகள். பிரதி இல்லை, நான் எழுதிய கொப்பிகளேதான். அம்மாவின் அலமாரிச் சாவியை அவள் விகாரைக்குப் போன நேரம் எடுத்தேன். இது மன்னிப்பு இல்லை. ஆகஸ்டில் நீ மறுபடி ஒரு புள்ளியில் தோற்று, அதற்கும் என்னைக் காரணம் காட்டிக்கொண்டு திரியக் கூடாது, அவ்வளவுதான்.

தருஷி


கும்புக்வெவ,
1995 ஜூலை 6

நங்கி,

பார்சல் வந்தது. கண்டக்டர் தூரத்திலேயே கையைத் தூக்கிக் காட்டினார். நன்றி சொல்லமாட்டேன். ஒரு வருடம் தாமதமாக வந்ததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. உன் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது, ஆனால் புரிகிறது.

சித்தப்பா அப்பாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அப்பா அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் கரும்புக்குள் அலைகிறார். அது அவர்கள் பாடு. நான் உன்னை மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்கத் தேவையில்லை. அப்பா காதில் விழ, 'உன்னால்தான்' என்று ஒருநாளும் சொல்லாமல் இருக்கிறேன். அதற்கே என் பலம் எல்லாம் போகிறது.

மறுபடி பரீட்சை எழுதுபவர்களை வகுப்பில் சேர்ப்பதில்லை. விமலா மிஸ் அதிபரிடம் பேசி என்னைச் சேர்த்துக்கொண்டார். ஏன் சேர்த்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். புது இடாப்பு. திங்கட்கிழமை எனக்கு முதல் நாள்.

மிஸ் வழக்கம்போல் தலையை நிமிர்த்தாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் பெயர் வந்தது. "இருக்கேன் மிஸ்," என்றேன். அடுத்தது யாரோ ஒரு சின்னப் பெண்ணின் பெயர். அவள் வாயைத் திறப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது. மூக்கால், மெலிசாக, அந்தக் குரல்.

"இருக்கேன் மிஸ்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மிஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பேனா அப்படியே நின்றது. அவருக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும்.

"யாரு அது?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"தருஷி வரல மிஸ்," என்றேன்.

உபேக்ஷா அக்கா